கடைசிச் சி.டி.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி, பாய்" என்று திராட்சைப் பந்தலை அண்ணாந்து பார்த்துச் சொன்னார் பீட்டர்ராஜ்.

அது இப்ராஹிமுக்குத் தெரியாதா என்ன? காலையிலிருந்து அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தல் நெடுகத் தொங்கிய சி.டி.க்கள் எல்லாம் சிவப்பு நூலுக்கு மாறிவிட்டன. பழைய வெள்ளை நூலில் ஆடிக்கொண்டிருந்தது அந்த ஒன்றுதான்.

மைனாக்களை விரட்டக் கட்டியவை அவை. பழைய இரும்புக் கடை ஞானதுரையிடம் ஒரு சாக்கு வாங்கி, காமயகவுண்டன்பட்டித் தோட்டம் முழுக்க இப்ராஹிம்தான் கட்டிவிட்டார். வெயிலில் மின்னினால் மைனா பழத்தில் வாய் வைக்காது. மைனாவுக்குக் கட்டியதைத் தேடி ஒரு மனுஷன் வந்து நிற்பார் என்று யார் கண்டது?

ராயப்பன்பட்டியில் பீட்டர்ராஜின் மனைவி ஆரோக்கியம்மாள் இறந்ததும், வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று மருமகள் பழைய சாமான்களை அள்ளி எடைக்குப் போட்டுவிட்டாள். மகளின் கல்யாண சி.டி.யும் அதோடு போய்விட்டது. அந்த அம்மாளின் குரல் மிச்சமிருந்தது அதில் மட்டும்தான். விசாரித்து விசாரித்து அவர் இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது, மழையில் எழுத்தெல்லாம் அழிந்து, எது யார் வீட்டு சி.டி. என்றே தெரியவில்லை. கம்பியில் உரசிக் கீறல் வேறு. அப்படியே போட்டால் எதுவும் ஓடாது.

அன்றிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் வந்துவிடுவார். ஒன்றை அவிழ்த்துப் போய், வீட்டில் கீறலைத் தேய்த்துச் சரிசெய்து, போட்டுப் பார்ப்பார். தேடியது அது இல்லையென்றால், அடுத்த ஞாயிறு கொண்டுவந்து சிவப்பு நூலில் கட்டிவிடுவார். பிறகு இருவரும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

"போன வாரம் கொண்டுபோனதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் இப்ராஹிம்.

"கோம்பையில ஒரு காதுகுத்து. மாமன் மடியில புள்ள, மாமன் மேல அவுக வீட்டு நாய். புள்ளையவிட நாய்தான் பெருசாச் சத்தம் போட்டுச்சு."

இப்ராஹிம் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். பேரனைப் பார்த்துக்கொள்ளச் சென்னைக்குப் போன மனைவி லத்திபா, போனவள் போனவள்தான். தோட்டத்தில் அவருக்குப் பேச்சுத்துணை மோட்டார் சத்தம்தான்.

"அன்னைக்கே சொன்னேன், எல்லாத்தையும் சாக்குல கட்டித் தாரேன், ஒரே மூச்சுல பாத்து முடிச்சிருங்கன்னு. கேட்டீகளா?"

"அவசரம் ஆகாது பாய். பல்லு வெளக்குற வெள்ளைப் பேஸ்ட்டத் துணியில தொட்டு, நடுவுல இருந்து வெளியப் பாத்து நேராத் தேய்க்கணும். பையத் தேய்க்கணும். மொதல்ல கொண்டுபோனத அழுத்தித் தேச்சுத்தான ஒடச்சேன்."

"ஒடஞ்சதுலதான் அவுக குரல் இருந்திருந்தா?"

"இருக்காது" என்றார் பீட்டர்ராஜ், டீயை ஊதிக்கொண்டே. "அவ குரலு எனக்குத் தெரியாமப் போகுமா? கல்யாணத்துல அத்தன சனத்துக்கு முன்னால வஞ்சா. 'என்னங்க, அங்கன என்னத்தப் பாக்குறீக, கேமராவப் பாருங்க'ன்னு."

இப்ராஹிம் முக்காலியில் ஏறி அந்தக் கடைசிச் சி.டி.யை அவிழ்த்துக் கொடுத்தார்.

"இதுலயும் இல்லேன்னா?"

"என்ன செய்ய? தேடுறத விட்ற வேண்டியதுதான்."

கிடைத்தாலும் இனி இவர் வரப்போவதில்லை, கிடைக்காவிட்டாலும் வரப்போவதில்லை. அதையே நினைத்துக்கொண்டு இப்ராஹிம் மிச்ச டீயைக் கொடியடியில் ஊற்றினார். அதற்குள் ரோட்டில் டவுன் பஸ் ஹாரன் கேட்க, பீட்டர்ராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

அவர் போன பிறகு பார்த்தால், சி.டி. கட்டிலிலேயே கிடந்தது.

அடுத்த வாரம் கொடுத்துக்கொள்ளலாம், இன்னும் ஒரு ஞாயிறாவது நிச்சயம் என்றுதான் இப்ராஹிமுக்கு முதலில் தோன்றியது. சீ, இதுவும் ஒரு நினைப்பா என்று தன்னையே திட்டிக்கொண்டார். அடுத்த பஸ்சுக்கு அந்தச் சி.டி.யைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ராயப்பன்பட்டியில் வழி கேட்டு வீட்டை அடைந்தபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே டி.வி. சத்தம். தட்டக் கையை ஓங்கினார்.

"என்னங்க, அங்கன என்னத்தப் பாக்குறீக, கேமராவப் பாருங்க."

ஒரு பெண்குரல், விக்காமல் திக்காமல், கணீரென்று வந்தது. தொடர்ந்து பீட்டர்ராஜின் சிரிப்பு. ஓங்கிய கை அப்படியே நின்றது.

குழாயடியில் குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டு ஹேமாவதி, "நல்லாத் தட்டுங்க பாய். அந்தச் சி.டி.யப் போட்டுட்டா அண்ணனுக்கு ஒண்ணும் கேக்காது" என்றாள்.

"இது எப்பம்மா கெடச்சது?"

"போன கிறிஸ்துமசுக்கு முன்னாடியே கெடச்சிருச்சே. தோட்டத்துல இருந்து மொதமொதக் கொண்டாந்ததே இதுதானாம். அன்னைக்குத் தெருவுக்கே முட்டாய் குடுத்தாக. பொறகும் எதுக்கு வாராவாரம் ஒண்ணக் கொண்டாந்து தேய்க்கிறாகன்னுதான் எங்களுக்குத் தெரியல."

இப்ராஹிம் ஓங்கிய கையை மெல்ல இறக்கிக்கொண்டார். "நான் வந்துட்டுப் போனதச் சொல்லிராதம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, தெருமுனைக்கு வந்து போனை எடுத்தார்.

"ஞானதுரை, பழைய சி.டி. இன்னொரு சாக்கு எடுத்து வையி. நல்லாக் கீறல் விழுந்ததாப் பாத்து எடுத்து வையப்பா."