ஊதாமல் நின்ற விசிறி

போன தவக்காலத்தில், கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் என் இளைய மகள் செலின் எனக்குச் சொன்ன கதை இது.

ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் விசிறியக்காவும், 'சிப்' என்கிற சில்லுத் தம்பியும் இருந்தார்கள். ஓயாமல் கணக்குப் போட்டுப் போட்டுச் சில்லுக்கு உடம்பு கொதிக்கும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அவன் தலைமேல் ஒரு கனத்த அலுமினியக் கட்டி இருந்தது. விசிறி அதன்மேல் ஊதுவாள். ஒருநாள் கட்டியை எடுத்துவிட்டு, உலோகப் பொடியை அடுக்கடுக்காக அச்சடித்துச் செய்த வலைக்கூடு ஒருத்தியை வைத்தார்கள்.

விசிறிக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. "உடம்பெல்லாம் ஓட்டை. இவளா சூட்டைத் தாங்கப்போறா?"

"ஓட்டை காத்து போறதுக்குத்தான்க்கா," என்றாள் வலைக்கூடு.

விசிறி ஊதினாள். முன்பெல்லாம் கட்டியில் பட்ட காற்று அவள் முகத்திலேயே திரும்பி அடிக்கும். இப்போது உள்ளே போன காற்று திரும்பவே இல்லை. 'என் காத்தை எங்கேயோ பதுக்குறா. கையும் களவுமாப் பிடிக்கிறேன்' என்று சுற்றுவதை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் சில்லு அலறினான். "அக்கா, கருகிடுவேன்! அவ எதையும் பதுக்கலை. என் சூட்டையெல்லாம் ஏந்திக்கிட்டு உங்க காத்துக்காகத்தான் நிக்கிறா!"

விசிறி பதறிச் சுழன்றாள். காற்று ஓட்டைகளுக்குள் புகுந்து, பெட்டியின் பின்பக்கமாக அனலாய் வெளியேறியது. சில்லுக்கு உயிர் வந்தது.

"அவ்வளவும் வெளியே போயிடுச்சா?" என்றாள் விசிறி.

"பின்னாடி வந்து பாருங்கக்கா," என்றாள் வலைக்கூடு.

வந்து பார்க்க விசிறிக்கு ஏது வழி? ஊதிக்கொண்டே இருந்தாள். ஒரு கண் மட்டும் வலைக்கூட்டின் மேலேயே இருந்தது.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டி சுவரோடு ஒட்டியிருந்தால், அனல் வெளியே போகக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கண்ணு.