திருப்பி நெளித்த கார்

ஸ்காபரோவில் கார் திருத்தும் கராஜுக்குச் சாப்பாடு கொண்டுபோன பரிமளம் வாசலிலேயே திகைத்து நின்றாள். நெளிவெடுக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த கணவன் நவரட்ணம், பளபளத்த காரொன்றின் பக்கவாட்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான்.

“ஐயோ, என்னப்பா செய்யிறியள்? உள்ள வேலையும் போகப்போகுது!”

அதற்குள் முதலாளி ஒரு வெள்ளைக்காரக் கிழவரோடு வந்துவிட்டார். கிழவர் நெளிவைத் தடவினார். பிறகு நவரட்ணத்தைக் கட்டிப்பிடித்தார்.

“ஆரப்பா உவர்?”

“கார் ரேஸ் ரசிகர். இந்தக் கார் ஐம்பத்தெட்டாம் ஆண்டு ரேஸிலை சுவரிலை இடிபட்டும் வெண்டதாம். மியூசியத்திலை வைக்கேக்க ஆரோ நெளிவை எடுத்துப்போட்டாங்கள். பாக்க வந்த சனம், ‘இது அந்தக் காரே இல்லை’ எண்டு சண்டை. அதுதான் திருப்பி நெளிக்கிறன்.”

பரிமளத்துக்கு மூச்சு வந்தது.

“பேந்தென்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? முதலாளியைக் கேட்டு மற்றப் பக்கத்தையும் அடியுங்கோவன்!”