பதினோரு விரல்கள்

தாண்டவராயனை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தபோது, என்னைக் கண்டதும் அவன் எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

கொட்டகையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அலுமினியச் சட்டியில் பிளாஸ்டிக் உருகிக்கொண்டிருந்தது. அவன் பிழைப்பே அதுதான். விரால் பிடிக்கத் தூண்டிலில் மாட்டுகிற ரப்பர் தவளை, ரப்பர் புழு எல்லாம் அச்சில் ஊற்றி எடுப்பான். செண்பகத்தோப்பு அணைக்கு மீன் பிடிக்க வருகிறவர்கள் மலையேறி வந்து வாங்கிப் போவார்கள்.

"இன்னாய்யா, பாயசமா?" என்றேன்.

"ஆமா, மீனுக்கு."

"மீனு பச்சைத் தவளையத்தான தின்னும்? இது இன்னா, மனுசன் தோலு மாதிரி ஒரு கலரு?"

"இது வேற மீனுக்கு," என்று சிரித்தான். "நீ போ, பொகை ஒத்துக்காது."

மறுநாள் விடிவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன்தான். முடிந்துவிட்டது.

பாடை கட்டக் கயிறு தேடிக் கொட்டகைக்குள் போன அவன் தம்பி காசி, அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தான். அவன் கையிலிருந்த பிஸ்கட் டப்பா நழுவி விழுந்தது. உள்ளே இருந்தவை வாசலெல்லாம் உருண்டன.

விரல்கள்.

நகத்தோடு, ரேகையோடு, மனுஷ விரல்கள். பதினொன்று.

பெண்கள் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். யாரோ ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்கள். நான் ஒரு குச்சியால் ஒன்றைக் குத்திப் பார்த்தேன். வளைந்து, மறுபடி நிமிர்ந்தது.

"பிளாஸ்டிக்குடா!"

எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஒரு நிமிஷம்தான்.

"பிளாஸ்டிக்குல மனுசன் விரல இன்னாத்துக்குச் செய்யணும்?" என்றான் காசி. "சூனியம், வேற இன்னா? போன ஆடியில என் எருமைக்குக் காலு போச்சே, மறந்துட்டீங்களா?"

"எருமைக்கு ஏதுடா விரலு?" என்று ஒரு குரல் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

"மணிவேல் மாமா, நீங்க பக்கத்து வூடு. எதுனா பாத்தீங்களா?" என்று என் பக்கம் திரும்பினான் காசி.

பார்த்ததைச் சொன்னேன். சட்டியில் இருந்த தோல் நிறத்தை, அவன் மறைத்ததை, 'வேற மீனுக்கு' என்றதை. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நான் பாடையத் தொட மாட்டேன்," என்று காசி துண்டை உதறிக்கொண்டு நகர்ந்தான். கூடப்பிறந்தவனே நகர்ந்த பிறகு மற்றவர்கள் நிற்பார்களா? ஒவ்வொருவராகப் புளியமரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

தாண்டவராயன் பெண்சாதி செல்லி, தலைமாட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும். நாலு பேரு வேணும்ணா."

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

மூன்று மணி இருக்கும். ஷேர் ஜீப்பிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். படவேட்டில் கோயில் ரோட்டில் கரும்பு ஜூஸ் வண்டி போட்டிருக்கும் சிவசங்கரி. மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள்.

"இன்னாக்கா, பக்கத்துல ஒருத்தருமே இல்ல?"

செல்லி வாசலில் கிடந்தவற்றைக் காட்டினாள்.

சிவசங்கரி நடுவாசலுக்கு வந்தாள். எல்லோரும் பார்க்க, தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்தாள்.

விரல் கழன்று வந்தது.

காசி கத்தியே விட்டான். அவள் நடுவிரலையும் கழற்றினாள். அந்த இடத்தில் மொட்டையாக இரண்டு கணுக்கள்தான் இருந்தன.

"கரும்பு மிசின்ல போச்சிங்க. அப்புறம் இந்தக் கையால குடுத்தா வாங்கிக் குடிக்க ஜனங்களுக்கு ஒரு மாதிரியா இருந்திச்சி. வண்டிய வித்துட்டுப் போய்டலாம்னு இருந்தேன். அண்ணன்தான் என் இடது கையில அச்செடுத்து ஊத்திக் குடுத்தாரு. மொத விரலு தவளைப் பச்சையா வந்துதுங்க." சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "மூணு மாசத்துல கிழிஞ்சிடும். வேற ஊத்துவாரு. அளவு சரியில்லாததெல்லாம் இந்த டப்பாவுல போட்டு வெச்சாரு போல. 'யாருக்கும் சொல்லாத, தெரிஞ்சா மறுபடியும் கையத்தான் பாப்பாங்க'ன்னாரு."

காசி ஓடிப்போய் அண்ணன் காலைக் கட்டிக்கொண்டான். புளியமரத்தடியிலிருந்து ஆட்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"உன்ன எப்டிம்மா அவுருக்குத் தெரியும்?" என்றாள் செல்லி.

"ஒருநாளு கூட்டாளி ஒருத்தரோட ஜூஸ் குடிக்க வந்தாருக்கா. அந்த ஆளு என் கையப் பாத்துட்டு, டம்ளர அப்டியே வெச்சிட்டு எழுந்து போய்ட்டாரு. எனக்கு உசுரே போச்சி. அண்ணன்தான், 'அவனுக்குப் பல்வலிம்மா, தப்பா நெனைக்காத'ன்னு சொல்லி, அந்த டம்ளரையும் சேத்துக் குடிச்சாரு."

"யாரு அந்த ஆளு?"

"தெரியலக்கா. நான் எங்க நிமிந்து பாத்தேன்?"

எனக்கு இந்த அறுபத்திரண்டு வயசு வரைக்கும் பல்வலி வந்ததே இல்லை.

பாடையின் முன்பக்கம் நான் தோள் கொடுத்தேன்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. கிழிந்ததற்குப் பதில் ஊற்றிக் கொடுக்க ஆளில்லை; சிவசங்கரியின் வலது கையில் இப்போது மூன்று விரல்கள்தான் இருக்கின்றன.