மரியாதையான தம்பதி

“கத்துக்கோ! புருஷன் பெண்டாட்டின்னா எப்படி இருக்கணும்னு இவங்களைப் பார்த்துக் கத்துக்கோ!”

போனில் பொரிந்து தள்ளினார் லிஃப்ட்காரர். மறுமுனையில் அவர் மனைவி.

லிஃப்ட் மெக்கானிக் அவர். புது மாதிரி லிஃப்ட்டைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தது. ஹோட்டல் கிடையாது. அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் வீட்டிலேயே தங்கல். அப்போதுதான் பாஷை சீக்கிரம் வருமாம்.

பாஷை வந்ததோ இல்லையோ, வீட்டுக்காரரையும் வீட்டுக்காரம்மாவையும் பார்த்து மனுஷன் அசந்துபோனார்.

“உப்பு வேணும்னாகூட ‘தயவுசெய்து’ன்னு கேட்கிறார். அந்தம்மா எடுத்துக் குடுத்தா உடனே ‘நன்றி’. வந்த நாள்லேர்ந்து ஒரு சத்தம், ஒரு முறைப்பு? ம்ஹூம்! சொந்தப் பெண்டாட்டி ரூமுக்கே கதவைத் தட்டிட்டுத்தான் போறார்னா பாரேன்!”

“தனித்தனி ரூமா?”

“நாகரிகம்டி! உனக்கெங்க புரியப்போகுது? நம்ம வீட்ல கண்ணாடியைப் பார்த்தியான்னு கேட்டாலே தெருவே திரும்பிப் பார்க்குது.”

“நெத்தியில ஏத்தி வெச்சிக்கிட்டுத் தேடினா கொஞ்சுவாங்களா?”

“பார்த்தியா, பார்த்தியா! இதைத்தான் சொல்றேன்.”

அன்றிலிருந்து லிஃப்ட்காரர் ஆளே மாறிப்போனார். போனில் எடுத்த எடுப்பில், “இப்ப பேசலாமா?” வைக்கும்போது, “நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி.”

மனைவிக்குப் பகீரென்றது.

“உண்மையைச் சொல்லுங்க. அங்க யாராவது...?”

“சேச்சே! இதுக்குப் பேரு மரியாதை.”

அழுது பார்த்தாள். கத்திப் பார்த்தாள். அவர் மசியவில்லை. கடைசியில் அவளும் மாறினாள்.

“சாப்பிட்டீங்களா? நல்லது. வெச்சிடட்டுமா? நன்றி.”

லிஃப்ட்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. கூடப் பயிற்சிக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

பயிற்சி முடிந்து ஊருக்குக் கிளம்பும் காலை. பெட்டியும் கையுமாக ஹாலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எங்கு பார்த்தாலும் அட்டைப் பெட்டிகள். வீட்டுக்காரர் புத்தகங்களை அடுக்க, வீட்டுக்காரம்மா டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“வீடு மாத்துறீங்களா?”

“நான் மட்டும்” என்றார் வீட்டுக்காரர்.

லிஃப்ட்காரர் விழிப்பதைப் பார்த்து வீட்டுக்காரம்மாதான் விளக்கினார்.

“நாங்க பிரியறோம். நீங்க வர்றதுக்கு முன்னாடியே முடிவாயிடுச்சு. ஆனா குடும்பமா இருக்கற வீட்டுக்குத்தான் உங்களை அனுப்புவாங்களாம். வேற வீடும் கிடைக்கல, உங்க பயிற்சியே ரத்தாகும்னாங்க. முகம் தெரியாத ஒருத்தர் பொழைப்பை எதுக்குக் கெடுக்கணும்? நீங்க கிளம்பட்டும்னு இருந்துட்டோம்.”

லிஃப்ட்காரர் பெட்டியைக் கீழே வைத்தார்.

“எனக்காகவா? ஆனா... நீங்க ஒரு நாள்கூடச் சண்டை போடலையே! எவ்வளவு மரியாதையா...”

வீட்டுக்காரர் சிரித்தார்.

“சண்டை போட்ட வரைக்கும் நல்லாத்தான் இருந்தோம்.”

சொல்லிவிட்டு மனைவி பக்கம் கையை நீட்டினார். “தயவுசெய்து, அந்தக் கத்தரிக்கோல்...”

“இந்தாங்க.”

“நன்றி.”

விமான நிலையத்தில் லிஃப்ட்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனைவியை அழைத்தார்.

“சொல்லுங்க. கிளம்பிட்டீங்களா? சந்தோஷம். பத்திரமா வாங்க. நன்றி.”

லிஃப்ட்காரர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

“வெச்சிடாதே, வெச்சிடாதே! நீ பின்னிக் குடுத்த ஸ்வெட்டர் இருக்குல்ல... அதைக் கொதிக்கிற தண்ணியில போட்டுட்டேன். பொம்மைக்குப் போடற அளவுக்குச் சுருங்கிப்போச்சு.”

உடம்பில் கதகதப்பாக இருந்த அதே ஸ்வெட்டரைத் தடவியபடியே சொன்னார்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“அறிவிருக்கா உங்களுக்கு? கண்ணு எரிய எரிய உட்கார்ந்து பின்னினேனே! கம்பளியைக் கொதிக்கிற தண்ணியில போடற ஆளு, லிஃப்ட்டை ரிப்பேர் பண்ணி கிழிச்சிடுவாராக்கும்...”

பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“அப்பாடா!” என்று சாய்ந்து உட்கார்ந்தார் லிஃப்ட்காரர். “நிறுத்தாதே... இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டேன்!”