பாய்லர் சாமி

"குனிஞ்சு போம்மா, குனிஞ்சு! சாமி கண்ணு ரெண்டும் உன்னையேதான் பாக்குது!" மேஸ்திரி போட்ட சத்தத்தில் சலவைக்கூடமே திரும்பிப் பார்த்தது.

பாய்லர் அறை வாசலின் இரு பக்கமும், நெற்றி உயரத்தில், வட்டமாக சிமெண்ட் பூசிய இரண்டு தடங்கள். அவைதான் சாமியின் கண்களாம். காய்ந்த துணி எடுக்க உள்ளே போகிற அத்தனை பேரும் பயபக்தியோடு குனிந்துதான் நுழைவார்கள். வேலைக்கு வந்து ஒரு வாரமே ஆன வாயாடி மட்டும் ஒட்டடைக்கம்பு மாதிரி நிமிர்ந்தே போய் வந்தாள்.

"சிமெண்டுக்கெல்லாம் நான் குனிய மாட்டேண்ணே. அப்படி என்னதான் பண்ணிடும் உங்க சாமி?"

"என்ன பண்ணுமா? எனக்கு முன்னாடி இருந்த மேஸ்திரி சொல்லியிருக்காரு. நிமிர்ந்துகிட்டே போன ஒருத்தனுக்கு, இதே வாசல்ல, நெத்தி பிளந்து ரத்தமா கொட்டிச்சாம்!"

"எனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"உனக்கு ஆகல. எங்க பொழப்புல கை வச்சிருச்சே!"

காலையிலிருந்து நீராவி வரவில்லை. ஆஸ்பத்திரிப் போர்வைகள் ஈரத்தோடு மலையாகக் குவிந்து கிடந்தன. பழுது பார்க்கப் பின்வாசல் வழியாகப் பாய்லர் அறைக்குள் போன குழாய்க்காரரையும் வெகுநேரமாகக் காணோம்.

மேனேஜர் வந்தார். "குனிஞ்சு மன்னிப்பு கேளு. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

வாயாடிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வீட்டில் புருஷன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். இந்த வேலையும் போனால் அடுப்பு எரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் போய்க் குனிந்தாள்.

புஸ்ஸ்ஸ்! உள்ளே நீராவி சீறிக்கொண்டு கிளம்பியது.

"பாத்தியா! பாத்தியா!" மேஸ்திரி துள்ளிக் குதித்தார். அவளுக்கே உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "தப்புதான் சாமி, இனிமே வாயே திறக்க மாட்டேன்" என்று இன்னும் ஒரு சாண் குனிந்தாள்.

அப்போது ஸ்பேனரும் கையுமாக, தலை நிமிர்ந்து, அதே வாசல் வழியாக வெளியே வந்தார் குழாய்க்காரர்.

"ஐயையோ! யோவ் பெரிசு, குனிஞ்சு வாய்யா!" என்று அலறினார் மேஸ்திரி.

குழாய்க்காரர் அந்த இரண்டு தடங்களையும், குனிந்து நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் எதுக்குய்யா குனியறீங்க? தலையில இடிக்குதுன்னுதானே, வாசலுக்குக் குறுக்கே போன குழாயை அப்பவே வெட்டி எடுத்து ரெண்டு ஓட்டையையும் பூசிவிட்டேன்!"