யோசனையிலேயே இருக்கும் குழந்தை

"வந்துட்டா பாரு, பெத்த மகராசி" என்று முணுமுணுத்தாள் ஆபீஸ் கிளார்க் ஹேமலதா.

வாசலில் அஞ்சலாட்சி நின்றுகொண்டிருந்தாள். மேட்டுப்பாளையத்தில் சோப்புக் கம்பெனி வேலை. புருஷன் செத்த மறு வருஷமே இன்னொருத்தனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு முதல் புருஷனுக்குப் பிறந்த பிள்ளையெல்லாம் ஆகாதாம். ஐந்து வயது சிந்துஜாவை நெல்லித்தோப்பில் இருக்கும் இந்தக் குழந்தைகள் இல்லத்தில் விட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள். இப்போது சிந்துஜா ஸ்பெயினில் ஒரு டீச்சர் தம்பதியின் தத்துப் பிள்ளை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அங்கிருந்து ரிப்போர்ட் வரும். பெற்றவளுக்கு விவரம் சொல்லக் கூடாதுதான். வாசலை விட்டு நகராதவளை என்ன செய்வது?

ஹேமலதா அன்று ஏற்கெனவே எரிச்சலில் இருந்தாள். ரிப்போர்ட் இந்த முறை ஸ்பானிஷிலேயே வந்திருந்தது. "உனக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே. ரெண்டும் அக்கா தங்கச்சிதான். இங்கிலீஷ்ல போட்டுக் குடு" என்று தள்ளிவிட்டுப் போய்விட்டார் மேனேஜர் கோவிந்தராசு.

அகராதியை வைத்து ஒப்பேற்றிவிட்டாள். 'என்சிமிஸ்மாதா' என்ற ஒரு வார்த்தை மட்டும் காலையிலிருந்து உயிரை வாங்கியது. தனக்குள்ளேயே மூழ்கிக் கிடப்பது என்றது அகராதி. ஆழ்ந்த யோசனையில் இருக்கிறாள் என்று இங்கிலீஷில் எழுதி முடித்தாள்.

"நல்லா சாப்புடுதா மேடம்? எடை ஏறியிருக்கா?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆட்டுக்குட்டியை விசாரிப்பது மாதிரி விசாரிக்கிறாளே என்று ஹேமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்சம் உறைக்கட்டும் என்று நினைத்தாள்.

"எடைக்கு என்ன, ஏறியிருக்கு. பொண்ணுதான் சரியில்ல. எப்பவும் ஏதோ யோசனையிலயே இருக்குதாம்."

"எப்பவுமா மேடம்?"

"சாயங்காலம் ஆனா வாசப்படியில போய் உக்காந்துக்குதாம். இருட்டுற வரைக்கும் காலுல இருக்கற ஷூவக் கழட்டாதாம். பசங்க வெளையாடக் கூப்புட்டாலும் போறதில்ல. போனதுலேருந்தே இப்படித்தானாம். சரியாயிடும்னு பாத்தாங்களாம். அப்படி என்னதான் யோசிக்குதுன்னு தெரியலன்னு அந்த டீச்சரம்மா எழுதியிருக்கு."

அஞ்சலாட்சி குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

"அது யோசனை இல்ல மேடம்."

"பின்ன?"

"இங்க விட்டப்ப என் காலக் கட்டிக்கினு அழுதுச்சு. 'செருப்பக் கழட்டாம வாசல்ல உக்காந்திரு, சாயங்காலம் வந்து கூட்டிக்கினு போறேன்'னு சொல்லிட்டுப் போனேன்."

இங்கே இருந்தபோதும் அந்தக் குழந்தை சாயங்காலமானால் கேட் பக்கம்தான் உட்கார்ந்திருக்கும். காற்றுக்காக உட்காருகிறது என்று ஹேமலதா நினைத்திருந்தாள். ஒரு நாள்கூடப் பக்கத்தில் போய்க் கேட்டதில்லை.

'ஆழ்ந்த யோசனை' என்று எழுதியதைப் பேனாவால் அடித்தாள். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

"நான் ஒரு லெட்டர் போடறேன்" என்றாள் மெதுவாக. "அம்மா உன்ன மறக்கல, ஒரு நாள் கண்டிப்பா வருவான்னு எழுதறேன்."

அஞ்சலாட்சி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அம்மா செத்துட்டான்னு எழுதுங்க மேடம். அப்பத்தான் அது எழுந்து வெளையாடப் போவும்."