பவதிக்கு அடுத்தது

"அப்பாவுக்கு ஞாபகசக்தி அபாரம் டாக்டர். நீங்க ஒரு சான்று மட்டும் கொடுத்தா போதும்" என்றான் மகன்.

வீட்டை மகன் பேருக்கு எழுதித் தருகிற கிழவர் சுயபுத்தியோடுதான் தருகிறார் என்று ஒரு டாக்டர் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மறுநாளே பத்திரம். வீட்டை வாங்க ஆள்கூடப் பார்த்தாகிவிட்டது. அதே வீட்டில் இருக்கிற அக்கா எங்கே போவாள் என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை. புருஷன் கைவிட்டவள். அந்தக் கூரையை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

அவளும்தான் வந்திருந்தாள், அப்பாவின் கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

"என்ன வேலை பார்த்தார்?"

"சமஸ்கிருதப் பேராசிரியர். வினைச்சொல்லுல புலி. ஒவ்வொரு வினைக்கும் லகாரம்னு பத்து வகை உண்டாம், காலம், கட்டளை, ஆசின்னு. எதைக் கேட்டாலும் கொட்டுவார். காலேஜ்ல இவருக்குப் பட்டப்பேரே லகாரம்தான். பாதி ஆயுசு உட்கார்ந்து வினைச்சொல் அகராதி எழுதியிருக்கார். இப்பதான் அச்சுக்குப் போயிருக்கு."

இந்தப் பெருமையெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்ததோ.

டாக்டர் சிரித்தார். "ஸ்கூல்ல நானும் கொஞ்சம் படிச்சேன் சார். பவதி... அடுத்தது என்ன?"

அது முதல் பாடம். பவதி, பவதஹ, பவந்தி என்று பொடிசுகள்கூடத் தூக்கத்தில் சொல்லும்.

லகாரம் சுவரைப் பார்த்தார். "பவதி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "பவதி."

"பவதஹ, அப்பா" என்று மகன் காதில் ஓதினான்.

"அப்படின்னா?"

டாக்டர் பேனாவை மூடினார். "இந்த நிலைமையில இவர் கையெழுத்து செல்லாது. வாங்கினா உங்களுக்குத்தான் வம்பு. இவர் இருக்கிறவரைக்கும் வீட்டுப் பேச்சை விட்டுடுங்க."

காரில் வழியெல்லாம் மகன் பொரிந்து தள்ளினான். "மானம் போச்சு. நல்லா இருந்த மனுஷன். என்ன லட்சணத்துல பார்த்துக்கிட்டே நீ?"

அக்கா அழுதுகொண்டே வந்தாள். வீடு தப்பியது என்று ஒரு கணம் மனசில் ஓடியது. அப்படி ஓடியதற்கும் சேர்த்து அழுதாள்.

வீட்டு வாசலில் அவர்களை இறக்கிவிட்டு அவன் காரை நிறுத்தப் போனான். அவள் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

தலைக்கு மேலே மெல்லிய குரல் கேட்டது. "பவதி, பவதஹ, பவந்தி..." நிகழ்காலம் முடிந்து, இறந்தகாலம் முடிந்து, எதிர்காலத்துக்குப் போனது குரல். ஓர் இடத்திலும் தடுக்கவில்லை.

அவள் நிமிர்ந்தாள்.

"வீட்டை எழுத மாட்டேன்னு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துட்டேன். அந்தக் கோபத்தையெல்லாம் உன் மேலதான் காட்டினான். அதான் சரின்னு தலையாட்டிட்டு வந்தேன்" என்றார் லகாரம். "பைத்தியத்துக்கிட்ட யாரும்மா சண்டைக்கு வருவா?"

"உங்க புத்தகம்? இன்னும் ப்ரூஃப் பார்க்கணுமேப்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"பவதஹ தெரியாதவன் ப்ரூஃப் பார்க்கலாமா? அச்சகத்துக்காரர் வந்தா, அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோச்சுன்னு சொல்லி அனுப்பிடு."

வாசலில் சாவிக்கொத்துச் சத்தம். மகன் உள்ளே வந்தான்.

லகாரம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"யாரும்மா இவர்?"